எந்தப் பக்கம்னு சொல்லுங்க

ஜனவரி 13, 2024, சனி

இன்னிக்கி போனதும் மேசை மேல திரும்பி வந்த பார்சலுங்க குவிஞ்சு கிடந்துச்சு. புதுசா படிக்கிறவங்களுக்காக சொல்லிடறேன், நாங்க ஒரு சர்ச்சோட பேஸ்மென்ட்ல உக்காந்து அமெரிக்க ஜெயில்ல இருக்கவங்களுக்கு இலவசமா புக்கு அனுப்புற கும்பல், அவங்க லெட்டர் போட்டு கேப்பாங்க, நாங்க ஷெல்ஃப்ல தேடி எடுத்து பிரவுன் பேப்பர்ல சுத்தி மீடியா மெயில்ல, அதாவது புக்குக்கான மலிவு தபால்ல, போடுவோம். அதிகமா கேக்குறது கதை புக்கு கிடையாது, டிக்‌ஷனரி. அது வந்த அன்னிக்கே தீந்துடும்.

இன்னிக்கி திரும்பி வந்ததுல ஒண்ணு நான் கட்டுனது. மனுஷ உடம்ப வரையக் கத்துக்குடுக்குற புக்கு, உள்ள படம் வரைஞ்சு பழகுற ஒருத்தர் கேட்டிருந்தார். கூட ஒரு சீட்டு, அதுல 'பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் பாதகம்'ங்கற கட்டத்துல ஒரு டிக். அவ்ளோதான். எந்தப் பக்கம், என்ன பாதகம், யாரு பாத்தாங்க, ஒண்ணும் இல்ல.

ஜனவரி 20

எங்க ஒருங்கிணைப்பாளர் அம்மா ரிட்டயர்டு லைப்ரேரியன், அவங்ககிட்ட ஒவ்வொரு ஜெயிலோட ரூலும் ஒரு தடி ஃபைலா இருக்கு. ஒரு இடத்துல கெட்டி அட்டை கூடாது, இன்னொரு இடத்துல ஸ்பைரல் கம்பி கூடாது, வேற ஒரு இடத்துல பழைய புக்கே கூடாது, சில இடத்துல பதிப்பகம் இல்லேன்னா கடையில இருந்துதான் நேரா வரணும்.

கெட்டி அட்டை விஷயத்துல எனக்கு பெரிய சண்டை இல்ல. பைண்டிங்ல போதைப்பொருள் ஒளிக்கலாம்னு சொல்லி, 1979-ல பெல் எதிர் வோல்ஃபிஷ் வழக்குல, கெட்டி அட்டை புக்க பதிப்பகமோ கடையோ அனுப்புனா மட்டும் வாங்குற ரூல சுப்ரீம் கோர்ட் சரின்னுடுச்சு, அதுல ஏதோ ஒரு லாஜிக்காவது இருக்கு. ஆரிகன்ல ஒரு காலத்துல சந்தா கட்டி வாங்குற பத்திரிகையையே, மலிவு ரேட் தபால்ல வந்துச்சுன்னு தள்ளிக்கிட்டிருந்தாங்க, 2001-ல அப்பீல் கோர்ட் அது செல்லாதுன்னு சொன்ன அப்புறம்தான் நின்னுச்சு. கேஸ் போட்டது பிரிசன் லீகல் நியூஸ். 1990-ல பால் ரைட்னு ஒருத்தர் வாஷிங்டன் மாநில ஜெயிலுக்குள்ள கைதியா இருந்துக்கிட்டே ஆரம்பிச்ச, கைதிகளோட சட்ட உரிமைகளப் பத்தின பத்திரிகை அது.

பிப்ரவரி 1, வியாழன்

ராத்திரி தூக்கம் வரல, கேஸ் ஹிஸ்டரி படிச்சுட்டு இருந்தேன். நான் வக்கீல் இல்ல, கம்ப்யூட்டர் கோடு எழுதி சம்பாதிக்கிறவன், அதனால என் பாஷையில சொல்றேன்.

1974, ப்ரொகூனியர் எதிர் மார்டினெஸ். கைதியோட லெட்டர நிறுத்துனா கைதிக்கு சொல்லணும், எழுதுனவருக்கு ஆட்சேபிக்க வாய்ப்பு குடுக்கணும், ஆட்சேபணைய நிறுத்துன ஆளே விசாரிக்காம வேற அதிகாரி விசாரிக்கணும். சூப்பரா இருக்குல்ல? அப்புறம் 1987 டர்னர் எதிர் சாஃப்லி வந்து அளவுகோல இறக்கிடுச்சு, ஜெயில் சொல்ற காரணத்துக்கும் ரூலுக்கும் நியாயமா ஒரு சம்பந்தம் இருந்தா போதும்னு. 1989 தார்ன்பர்க் எதிர் ஆபட், வெளிய இருந்து உள்ள வர்ற புக்கு பத்திரிகைக்கும் இதே அளவுகோல்தான்னுடுச்சு. அதுல ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஜீரணமாகல, ஒரு பக்கம் பிரச்சனைன்னா மொத்த இதழையும் நிறுத்தலாம், அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுட்டுக் குடுக்கணும்னு அவசியமில்லையாம்.

ஆனா அதே வழக்குல வந்த மத்திய அரசு ஜெயிலுங்களோட விதியில நல்லதும் இருக்கு. தடை லிஸ்ட்னு ஒண்ணு முன்கூட்டியே போட்டு வெக்கக்கூடாது, ஒவ்வொரு இதழையும் தனியா பாக்கணும், அரசியல், மதம், பிடிக்காத கருத்துங்கறதுக்காக மட்டும் தள்ளக்கூடாது. மாநில ஜெயிலுங்க கதை வேற, அங்க லிஸ்ட் ஜோரா ஓடுது. 2017-ல டெக்ஸாஸ் லிஸ்ட் நியூஸ்ல அடிபட்டப்ப கிட்டத்தட்ட 10,000 புக்கு அதுல, ஆலிஸ் வாக்கரோட 'தி கலர் பர்ப்பிள்' நாவல் உள்ள போகக்கூடாது, ஹிட்லர் எழுதுன 'மெய்ன் காம்ஃப்' தாராளமா போகலாம்!

பிப்ரவரி 17, சனி

ஃப்ளோரிடா கேஸத்தான் ஒரு வாரமா மென்னுகிட்டு இருக்கேன். பிரிசன் லீகல் நியூஸ அங்க மொத்தமா நிறுத்திட்டாங்க, காரணம் உள்ள வர்ற விளம்பரங்க, மூணு பேர் பேசுற போன் கால், பேனா நண்பர், ஸ்டாம்ப குடுத்து காசு வாங்குறது இந்த மாதிரி. இதெல்லாம் மோசடிக்கு வழிங்கறது ஜெயில் வாதம். 2018 மே மாசம் அப்பீல் கோர்ட் தீர்ப்பு, தடை சரி, ஆனா ஒவ்வொரு தடவ நிறுத்துறப்பவும் பத்திரிகைக்கு காரணத்தோட நோட்டீஸ் குடுக்கணும். 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் கேஸ எடுக்கவே மாட்டேன்னுடுச்சு.

தோத்துட்டாங்கன்னுதான் எல்லாரும் எழுதுறாங்க. எனக்கு அப்படித் தோணல. புக்கு நல்லதா கெட்டதான்னு சண்டை போட்டா டர்னர் தீர்ப்ப வெச்சு ஜெயில்காரங்க முக்காவாசி ஜெயிச்சுடுவாங்க. ஏன் நிறுத்துனன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாதான் அவங்களுக்கு வேர்க்குது, ஏன்னா எழுதுனா அத நாலு பேர் படிப்பாங்க. 2018-ல நியூஜெர்சியில மிஷெல் அலெக்சாண்டர் எழுதுன, கறுப்பினத்தவங்கள அமெரிக்கா ஜெயில்ல அடைக்கிறதப் பத்தின 'தி நியூ ஜிம் க்ரோ' சில ஜெயில்கள்ல தடைன்னு ஏசிஎல்யூங்கற குடிமை உரிமை அமைப்பு லெட்டர் போட்டு வெளிய சொன்னதும் தடைய உடனே தூக்கிட்டாங்க, கோர்ட் படி ஏறவே தேவைப்படல.

நம்ம ஊர்லயும் நடந்துச்சே. 2022 ஏப்ரல்ல பாம்பே ஹைகோர்ட்ல விசாரணைக் கைதியா இருந்த சமூக ஆர்வலர் கௌதம் நவ்லகாவோட வக்கீல், மும்பை பக்கத்துல தலோஜா ஜெயில்ல இங்கிலீஷ் நகைச்சுவை எழுத்தாளர் வோட்ஹவுஸோட புக்க பாதுகாப்பு காரணம்னு சொல்லி குடுக்கலன்னு சொன்னார். வோட்ஹவுஸ்! பட்லரும் பன்னியும் அத்தைகளும் வர்ற கதை. நீதிபதியே இது காமெடியால்ல இருக்குன்னார். விஷயம் ஜெயிலுக்குள்ளயே இருந்திருந்தா அது வெறும் ஒரு டிக்கு, அவ்ளோதான்.

மார்ச் 9

எங்க டிக்குக்கு எதிரா அப்பீல் லெட்டர் போட்டாச்சு. ஒரே பக்கம்தான், எந்தப் பக்கத்துல எந்தப் படம் எந்த விதிய மீறுது, முடிவெடுத்தது யாரு, மறுபரிசீலனை பண்றது வேற ஆளா, இத மட்டும் கேட்டோம். கலை எவ்ளோ முக்கியம்னு நான் ஒரு பத்தி உருக்கமா எழுதியிருந்தேன், லைப்ரேரியன் அம்மா சிரிச்சுக்கிட்டே அத அடிச்சுட்டாங்க.

வீட்ல வேற பஞ்சாயத்து. "ஏங்க, நாமளே விசாவுல இருக்கோம், ஜெயிலுக்கெல்லாம் எதிரா கையெழுத்து போடணுமா உங்களுக்கு?"ன்னா. நியாயமான பயம்தான், இல்லேன்னு சொல்லல. கடைசியில குழு பேர்ல லைப்ரேரியன் அம்மாதான் கையெழுத்து போட்டாங்க, நான் டைப் அடிச்சதோட சரி.

ஏப்ரல் 4, வியாழன்

பதில் வந்துடுச்சு! முடிவுல மாத்தம் இல்ல, ஆனா பக்க நம்பர் குடுத்திருக்காங்க, மொத்தம் ஏழு. நிர்வாணம்னு காரணம். இருந்த காப்பிய எடுத்து வெச்சு ஒவ்வொண்ணா பாத்தோம், அஞ்சு பக்கம் சரி, அவங்க விதிப்படி பாத்தா வாதாட முடியாது. மீதி ரெண்டுல இருக்கிறது எலும்புக்கூடு. தோலே இல்லாதவனுக்கு என்ன நிர்வாணம்?

அம்மா அந்த ரெண்டு பக்கத்தையும் காப்பி எடுத்து ஃபைல்ல வெச்சுட்டாங்க, கைதிகளுக்காக கேஸ் நடத்துற ஒரு வக்கீல் இந்த மாதிரி சீட்டையெல்லாம் சேக்குறாராம், அவருக்குப் போகுது. கேட்டவருக்கு இப்போதைக்கு கையும் முகமும் மட்டும் வரையக் கத்துக்குடுக்குற வேற புக்கு, புதுசு, பேப்பர்பேக், கடையில இருந்து நேரா அனுப்பச் சொல்லி ஆர்டர் போட்டாச்சு. அது போய்ச் சேருதான்னு பாத்துட்டு எழுதுறேன். அதுக்குள்ள யாராவது பேப்பர்பேக் டிக்‌ஷனரி குடுக்குற ஐடியால இருந்தா சொல்லுங்க, ஷெல்ஃப் காலி.