தூங்குற ஐஓஎம்எம்யுவ எதுக்குய்யா எழுப்புறீங்க

மாரத்தஹள்ளில ஆபீஸ் கீழ டீ குடிக்கும்போது டீம்ல இருக்குற திருநெல்வேலி தம்பி கேட்டான், "அண்ணே, அட்ரஸ் மாத்திக் குடுக்குறது மட்டும்தான ஐஓஎம்எம்யு வேலை, அதுக்கு எதுக்கு தனியா ரன்டைம் பிஎம்?" ஐஓஎம்எம்யுன்னா டிவைஸ் குடுக்குற அட்ரஸ நெஜ மெமரி அட்ரஸா மாத்துற ஹார்ட்வேர், ரன்டைம் பிஎம்னா சும்மா இருக்குற ஹார்ட்வேர லினக்ஸ் கெர்னல் தூங்க வச்சு, வேணும்கிறப்ப எழுப்புற ஏற்பாடு. நல்ல கேள்விதான், சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிற நேரத்துக்கு முழுசா பதில் சொல்லிடலாம்.

ஜிபியு, கேமரா, வீடியோ டிகோடர் எதுவா இருந்தாலும் மெமரிக்கு போற வழில ஐஓஎம்எம்யு உக்காந்திருக்கு, அதனால ஜிபியு முழிக்கிறதுக்கு முன்னாடி இது முழிச்சிருக்கணும், அது தூங்கின பிறகுதான் இது தூங்கணும். ஆனா டிஎம்ஏ ஏபிஐ (டிவைஸ் நேரா மெமரிய தொடுறதுக்கு கெர்னல் குடுக்குற ஃபங்ஷன்கள்) மட்டும் யூஸ் பண்ற டிரைவருக்கு நடுவுல இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. இதுக்குத்தான் டிவைஸ் லிங்க், 2017ல லினக்ஸ் 4.10ல வந்துச்சு. ஜிபியு நீ கன்ஸ்யூமர், ஐஓஎம்எம்யு நீ சப்ளையர்னு முடிச்சு போட்டுட்டா வரிசைய கெர்னலோட பிஎம் கோர் பாத்துக்கும். இது ஈஸியான பாதி.

அன்மேப்லதான், அதாவது பஃபரோட அட்ரஸ் மேப்பிங்க எடுக்குறப்பதான், வில்லங்கம். ஜிபியு தூங்கிட்டு இருக்கு, டிரைவர் பழைய பஃபர விடுது. எந்த அட்ரஸ் எங்க போகுதுங்கிற பட்டியலான பேஜ் டேபிள் ராம்ல இருக்கு, அத சிபியு மாத்திடும், ஆனா டிஎல்பிய (ஐஓஎம்எம்யு உள்ள இருக்குற அந்தப் பட்டியலோட கேஷ்) ஃப்ளஷ் பண்ண ஐஓஎம்எம்யு ரெஜிஸ்டர தொடணுமே, கிளாக் ஆஃப்ல இருக்குறப்ப தொட்டா நெறைய போர்டு அப்படியே ஹேங் ஆயிடும், லாக்ல ஒரு வரி கூட இருக்காது. அதனால ஆர்ம் எஸ்எம்எம்யு (ஆர்மோட ஐஓஎம்எம்யு) டிரைவர் ஒவ்வொரு அன்மேப்புக்கும் அத எழுப்பி, வேலை முடிஞ்சதும் விட்டுடும். எழுப்புறப்பல்லாம் ரீசெட், காண்டெக்ஸ்ட் பேங்க் (எந்த பேஜ் டேபிள்னு வச்சிருக்குற ரெஜிஸ்டருங்க) எல்லாம் திரும்ப எழுதணும். ஒரு கேம மூடினா ஆயிரக்கணக்குல பஃபர் அன்மேப் ஆகலாம், எல்லாம் சேந்து 5லேர்ந்து 10 செகண்ட் வரைக்கும் போகும், பாக்குறவனுக்கு சிஸ்டமே செத்த மாதிரி இருக்கும். நான் அடிச்சு விடல, அந்த டிரைவர் சோர்ஸ்லயே கமெண்ட்டா எழுதி வச்சிருக்காங்க. கீழயே மருந்தும் இருக்கு: 20 மில்லிசெகண்ட் ஆட்டோசஸ்பெண்ட் டிலே, அதாவது வேலை முடிஞ்ச உடனே தூங்காம அவ்வளவு நேரம் காத்திருக்கும். வரிசையா அன்மேப் வந்தா ஒரு தடவ எழுப்பினா போதும், கடைசி ஆள் போனப்புறம்தான் தூங்கும்.

எனக்கென்னவோ ராக்சிப், மீடியாடெக் சிப்புங்களோட ஐஓஎம்எம்யு டிரைவருங்க பண்றதுதான் அழகா படுது. முழிச்சிருந்தா மட்டும் ஃப்ளஷ் பண்ணு, தூங்குதா, விட்டுடு, எப்படியும் ரெஸ்யூம் ஆகும்போது மொத்த டிஎல்பியையும் காலி பண்ணத்தானே போறோம். இதுக்குன்னே பிஎம்_ரன்டைம்_கெட்_இஃப்_இன்_யூஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, பேரு நீளம்தான் ஆனா எழுப்பாது, யாராவது ஏற்கனவே யூஸ் பண்ணிட்டு இருந்தா மட்டும் ரெஃபரன்ஸ் எடுக்கும், அதாவது தூங்கிடாம பிடிச்சு வைக்கும். ஒரே ஒரு குழி, ரன்டைம் பிஎம் டிஸேபிள் ஆயிருந்தா மைனஸ்ல எரர் வரும், சும்மா இஃப்குள்ள போட்டா சி அதையும் உண்மைன்னு எடுத்துக்கும். அதனாலதான் ராக்சிப் டிரைவர் மைனஸ தனியா பிரிச்சு ஒரு வார்னிங் போடுது. தம்பியோட பேட்ச்ல வெறும் இஃப்தான் இருந்துச்சு, ரிவ்யூல எழுதிட்டேன்.