இரும்பு மாத்திரையும் கடிகாரமும்

கர்ப்ப காலத்தில் தரும் இரும்பு மாத்திரை கைக்கு வந்ததும் முதலில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ‘ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி.’ என்று போட்டிருந்தால் அதில் இரும்பு 65 மி.கி.தான், மீதி உப்பின் எடை. ஃபெரஸ் குளுகோனேட் 300 மி.கி.யில் இரும்பு சுமார் 35 மி.கி. பெட்டியில் பெரிதாகத் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம்; ‘எலிமென்டல் அயர்ன்’, அதாவது உப்பின் எடை போக உள்ள இரும்பு மட்டும், எவ்வளவு என்பதே கணக்கு. கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தினசரி 30 முதல் 60 மி.கி.யும் இந்தக் கணக்குதான். கூடவே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்.

கர்ப்ப காலம் முழுவதற்கும் உடலுக்கு ஏறக்குறைய 1000 மி.கி. இரும்பு தேவை. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300 போகும். தாயின் சிவப்பணுக்கள் பெருக அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். தொடக்கத்தில் நாளுக்கு 1 மி.கி.கூடக் குடலில் உறிஞ்சப்பட்டால் போதாதா என்றால், போதும். கடைசி மாதங்களில் அந்தத் தேவையே நாளுக்கு 6, 7 மி.கி. ஆகிவிடும். ஏழாம் மாதத்தில் விழித்துக்கொண்டு ஈடுகட்டுவது சிரமம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே (நடு மும்மாதத்தில் 10.5) போனால் ரத்தசோகை. அதோடு, உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் 11.5 இருக்கும், ஃபெரிட்டின் 30-க்குக் கீழே கிடக்கும். கையிருப்பு தீர்ந்துவருகிறது என்று பொருள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.

பெரும்பாலானவர்களுக்குச் சொதப்புவது நேரம்தான். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், தண்ணீரோடோ ஆரஞ்சுச் சாற்றோடோ போட வேண்டும். டீ, காபி, பால், அமிலத்தைத் தணிக்கும் மாத்திரை எல்லாம் 2 மணி நேரம் தள்ளி. கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உள்ளே போகாது. தைராய்டு மாத்திரையும் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்; அதற்கும் வெறும் வயிறு வேண்டும், இரும்போடு 4 மணி நேர இடைவெளியும் வேண்டும். ஒத்துவரும் ஏற்பாடு இது: காலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவுச் சாப்பாடு முடிந்து 2 மணி நேரம் கழித்து இரும்பு.

மறந்த மாத்திரைக்குப் பதில் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். ஒரு வேளை இரும்பு போனதுமே கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறத்தாழ ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும். கூடுதலாகப் போடுவதில் பெரும்பகுதி வயிற்றைக் கலக்குவதோடு சரி.

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. தார் போல ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். குமட்டல் தாங்கவில்லையென்றால் படுக்கப்போகும் முன் போடலாம், இல்லையேல் கொஞ்சம் சாப்பாட்டோடு. உறிஞ்சுவது குறையும்தான், ஆனால் மாத்திரையையே நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். இரும்பின் அளவு குறைந்த வேறு வகை இரும்பு உப்பு மாத்திரை கேட்டும் பார்க்கலாம். வயிற்றை உறுத்தாது என்று குடலில் கரையும் பூச்சுடன் வரும் வகை பெரும்பாலும் வீண். இரும்பை உறிஞ்சும் முன்குடலைத் தாண்டிய பிறகே அது கரைகிறது. சிரப் என்றால் ஸ்ட்ரா வைத்துக் குடியுங்கள், பல்லில் கறை பிடிக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

3, 4 வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையா? நேரமும் கால்சியமும் சரியாக இருந்ததா என்று முதலில் பாருங்கள். சரி என்றால் பி12 குறைபாடு, ஃபோலேட் குறைபாடு, மறைந்த ரத்தக்கசிவு என்று தேட வேண்டும். ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருந்தால் பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவுக்கான பரிசோதனை அவசியம்; தாய்க்கு அந்த மரபணு இருந்தால் குழந்தையின் தந்தைக்கும் பரிசோதனை உண்டு.

மாத்திரை ஒத்தே வராதபோதும், பிரசவம் நெருங்கிவிட்டபோதும் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றுவார்கள். முதல் மூன்று மாதத்தில் இது கிடையாது. ஏறும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் போகாது. முடிந்ததும் அரை மணி நேரமாவது அங்கேயே இருக்கச் சொல்வார்கள், ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க.

ஹீமோகுளோபின் சரியானதும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். காலியான கையிருப்பு நிரம்ப அதன் பிறகும் 3 மாதம் ஆகும். பிரசவம் முடிந்து குறைந்தது 6 வாரமாவது தொடர வேண்டும்.