விலையையும் வரியையும் ஆப்ஷனிலேயே ஏற்றிவிடுங்கள்

பில்லிங் ஃபார்மின் டிராப்டவுன் பட்டியலில் பொருளைத் தேர்ந்தெடுத்ததும் விலையும் ஜிஎஸ்டி விகிதமும் பக்கத்துக் கட்டங்களில் தானாக வந்து விழ வேண்டும். சாதாரணத் தேவைதான், ஆனால் இதற்கு ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் சர்வரிடம் ஓடிப்போய் விலை கேட்டு வருவது ஒரு வகை. ஐடி, விலை, வரி மூன்றையும் ஆப்ஷனின் வேல்யூவிலேயே (ஃபார்மை அனுப்பும்போது சர்வருக்குப் போகும் மதிப்பு) குத்துக்கோடு போட்டு ஒட்டிவைத்து அப்புறம் பிரித்தெடுப்பது இன்னொரு வகை, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இருப்பதிலேயே மோசம், ஜாவாஸ்கிரிப்டில் வரிசையாக இஃப் போட்டு வரி விகிதங்களை எழுதிவைப்பது. 2025 செப்டம்பர் 22 அன்று 12, 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5க்கும் 18க்கும் மாறின இல்லையா, விகிதத்தை டேபிளில் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு அப்டேட் குவெரி, அவ்வளவுதான்.

எச்டிஎம்எல் இதற்கென்றே இடம் விட்டிருக்கிறது. 'டேட்டா-' என்று தொடங்கும் எந்த அட்ரிபியூட்டையும் ஆப்ஷன் டேகில், அதாவது பட்டியலின் ஒவ்வொரு தேர்வுக்கும் உரிய டேகில், சேர்க்கலாம். வேல்யூவில் ஐடி மட்டும் இருக்கட்டும்.

பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் செய்கிறவர்கள், டிராப்டவுனை உருவாக்கும் செலக்ட் விட்ஜெட்டிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து 'கிரியேட்_ஆப்ஷன்' மெத்தடை மாற்றி எழுதினால் போதும். 3.1 பதிப்பிலிருந்து அந்த மெத்தடுக்கு வரும் வேல்யூவோடு 'இன்ஸ்டன்ஸ்' என்று முழு ரெக்கார்டும் சேர்ந்தே வருகிறது, அதனால் விலைக்காக மறுபடி டேட்டாபேஸுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் பட்டியலின் முதல் ஆப்ஷன், அந்த வெறும் கோடுகள் மட்டும் இருக்கும் ஆப்ஷன், அதற்கு ரெக்கார்டே கிடையாது. வேல்யூ காலியா என்று பார்க்காமல் இன்ஸ்டன்ஸைத் தொட்டால் பக்கமே எரர் அடிக்கும். அப்புறம், வரி விகிதம் தனி டேபிளில் இருந்து அதை ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் ரெக்கார்டைச் சுட்டும் ஃபீல்டு) வழியாக எடுத்தால், 200 பொருளுக்கு 200 குவெரி கூடுதலாக ஓடும். பொருட்களை எடுக்கும் குவெரிசெட்டில் 'செலக்ட்_ரிலேட்டட்' போட்டால், இரண்டு டேபிளையும் சேர்த்தெடுக்கும் ஒரே ஜாயினில் முடிந்துவிடும். லோக்கலில் பத்துப் பொருளை வைத்து டெஸ்ட் செய்யும்போது இது கண்ணிலேயே படாது.

பிரவுசர் பக்கம் வேலை குறைவு. சேஞ்ச் ஈவென்ட்டில் 'செலக்டட்ஆப்ஷன்ஸ்' பட்டியலின் முதல் ஆளை எடுத்து அதன் 'டேட்டாசெட்'டைப் படிக்கலாம். 'டேட்டா-டேக்ஸ்-ரேட்' என்று எழுதியது அங்கே இடைக்கோடு இல்லாமல் 'டேக்ஸ்ரேட்' ஆகிவிடும், நடுவில் வரும் ஆர் மட்டும் பெரிய எழுத்து. வருவது எல்லாமே ஸ்ட்ரிங். நம்பராக மாற்றாமல் 100ஐயும் 18ஐயும் கூட்டினால் 10018 என்று பில் வரும்.

இந்த விலை திரையில் காட்டத்தான். எஃப்12 தட்டி பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரிந்த யாரும் அதை ஒரு ரூபாய் ஆக்கிவிடலாம், அதனால் சேமிக்கும்போது சர்வர் ஐடியை மட்டும் வாங்கிக்கொண்டு விலையை டேபிளிலிருந்தே எடுக்க வேண்டும். லாபக் கணக்கு காட்ட வசதியாக இருக்கும் என்று கொள்முதல் விலையையும் ஆப்ஷனில் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். சேர்க்காதீர்கள், வியூ சோர்ஸ் பார்க்கிற கஸ்டமருக்கும் அது தெரியும்.