காற்று உள்ளக மின்மாற்றி: காகிதத்தில் 200, மேசையில் 140

முதுநிலைத் திட்டப்பணிக்காக, 10 கிலோவோல்ட்டை 200 கிலோவோல்ட் துடிப்பாக உயர்த்தும் டெஸ்லா வகை மின்மாற்றி ஒன்றைக் கட்டினேன். இரும்பு உள்ளகம் இல்லாததால் காந்தத் தெவிட்டல் (ஓர் அளவுக்கு மேல் இரும்பு காந்தமேறாமல் நின்றுவிடுவது) கிடையாது, கணக்கும் எளிது என்று நம்பித்தான் எடுத்தேன். தெவிட்டல் கிடையாது என்பது மட்டும் உண்மை.

மின்தேக்கம் முதன்மைப் பக்கம் (உள்ளீடு) 100 நானோஃபாரட், துணைப் பக்கம் (வெளியீடு) 250 பைக்கோஃபாரட். இழப்பை ஒதுக்கினால், மின்னழுத்தம் உயரும் மடங்கு இவ்விரண்டின் விகிதத்தின் வர்க்கமூலம், அதாவது 20. சுருள்களின் கம்பிச் சுற்று எண்ணிக்கையின் விகிதம் என்று சொன்னால் வாய்மொழித் தேர்வில் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். இரு பக்கமும் ஒரே அதிர்வெண்ணில் இசைந்து, பிணைப்புக் குணகம் (ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றதை எவ்வளவு பற்றுகிறது என்பதன் அளவு) 0.6 ஆக இருந்தால், இரண்டாம் உச்சத்தில் ஆற்றல் முழுவதும் துணைப் பக்கம் சேர்ந்துவிடும். அந்த மதிப்பில், பிணைந்த இரு பக்கமும் சேர்ந்து அதிரும் இரு இயல்பு அதிர்வெண்களின் விகிதம் சரியாக 2. ஒருமுறை கையால் வருவித்துப் பாருங்கள், அரைப் பக்கம்தான்.

சுருள்களை மேசையில் வைத்து அளந்தபோது அதே 0.6 வந்தது. மின்னேற்றிச் சுட்டால் 140 கிலோவோல்ட்டைத் தாண்டவில்லை. ஒரு மாதம் காப்புப் பொருளைச் சந்தேகித்து, எண்ணெயை மாற்றி, வெற்றிடத்தில் குமிழ் நீக்கி அலைந்தேன். (குமிழ் நீக்குவது எப்படியும் வேண்டியதுதான்; சுருளின் செப்புத் தகட்டு விளிம்பில்தான் முதலில் பொறி கிளம்பும்.)

குற்றவாளி இணைப்புக் கம்பிகள். முதன்மைச் சுருளின் மின்தூண்டல் 1 மைக்ரோஹென்றி. மின்தேக்கி, பொறி இடைவெளி (மின்தேக்கியைச் சுருளோடு இணைக்கும் பொறிச் சுவிட்ச்), கம்பிகள் சேர்ந்து இன்னொரு 0.25. இதனால் உண்மையான பிணைப்பு 0.54 ஆகச் சரிந்தது, முதன்மைப் பக்க அதிர்வெண் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்து இசைவும் விலகியது. துணைச் சுருளை வெளியே எடுத்துவிட்டு, குறைந்த மின்னழுத்தத்தில் முதன்மைச் சுற்றை அதிரவிட்டு, ஆஸிலாஸ்கோப்பில் அலைவு நேரத்தைப் பார்த்தாலே இது தெரிந்திருக்கும். பத்து நிமிட வேலை.

மறுபடி கட்டியபோது சுருளின் பிணைப்பை 0.67 ஆகவும், துணைச் சுருளை 500 மைக்ரோஹென்றியாகவும் வைத்தேன். பிணைப்பைக் கணக்கிடத் தேவையான பரிமாற்று மின்தூண்டலுக்கு (ஒரு சுருள் மற்றதில் தூண்டுவதன் அளவு), இரு சுருள்களையும் தொடராக இணைத்து ஒருமுறை, ஒன்றைத் திருப்பி இணைத்து ஒருமுறை அளந்து, வித்தியாசத்தை நான்கால் வகுத்தேன். மின்தூண்டல் அளவியை 1 கிலோஹெர்ட்ஸில் விட்டுவிடாதீர்கள், அங்கே கிடைக்கும் மதிப்பு வேறு. மின்மாற்றி வேலை செய்யும் 450 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்புறத்தில் 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் ஓடும்.

சேமிப்பு 5 ஜூல்தான் என்று அலட்சியம் வேண்டாம். தரையிணைப்புக் கோலால் தொடாமல் நான் மின்தேக்கி அருகே கை நீட்டியதில்லை.

தேர்வாளர் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “பொறி இடைவெளியின் மின்தூண்டலைச் சேர்த்தீர்களா?”