சுபேதார் சாப்பும் நானும்

பட்டாளத்தில் நட்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாரக்கில் எந்தக் கட்டில் கிடைத்ததோ, அதற்குப் பக்கத்துக் கட்டில்காரன் நண்பன். அவன் லீவில் போனால் என் ஊருக்கும் ஒரு எட்டு போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவான். போஸ்டிங்கில் பிரிந்தால் அடுத்த இடத்தில் இன்னொருவன் இருப்பான். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் நின்றுபோவது இந்த ஏற்பாடுதான். பென்ஷன் வருகிறது, கேன்டீன் கார்டு இருக்கிறது, வைத்தியத்துக்கு முன்னாள் படைவீரர்களுக்கான இசிஹெச்எஸ் திட்டம் இருக்கிறது. "என்னப்பா, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்க ஆள் இல்லை.

எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்து 277 பேர் முதல் உலகப்போருக்குப் போனதையும், 14 பேர் உயிர் கொடுத்ததையும் மணிக்கூண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரிலேயே நாற்பதைத் தாண்டியதும் வீடு திரும்புகிறவர்கள் தனித்துப் போகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வந்து போனவன் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தால், வீட்டுக்கும் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். கேஸ் புக் பண்ணுவதிலிருந்து பிள்ளைகளின் ஃபீஸ் வரை எல்லாம் மனைவி கையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். நாம் எங்கே கை கொடுப்பது என்றே தெரியாது.

நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து வந்தவன். ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலர் வேலை கிடைத்தது. இன்சாஸ் ரைஃபிள் பிடித்த கைக்கு அந்தப் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஆரம்பத்தில் அந்நியமாகத்தான் இருந்தது. பணம் ஏற்றும்போது கூட நிற்க வேண்டும். மற்ற நேரத்தில் பாதி வேலை, வயதானவர்களுக்குச் சலான் எழுதிக் கொடுப்பதுதான்.

எதிரே இருந்த மருத்துவமனையில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்தார் சுபேதார் சாப். பட்டாளத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவர். பட்டாளத்துக்காரர் என்பது நடந்து வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. போய்ப் பேசினேன். இருவருக்கும் தாய்மொழி தமிழ்தான், ஆனால் அன்றைக்கு அரைமணி நேரம் இந்தியில்தான் பேசினோம்.

சர்வீஸில் இருந்திருந்தால் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டிருக்கவே மாட்டோம். சுபேதார் என்பது ஹவில்தாருக்கு மேலான ரேங்க். அவருக்கு ஜேசிஓ மெஸ் எனும் இளநிலை அதிகாரிகளின் சாப்பாட்டுக்கூடம், எனக்கு லங்கர் எனும் ஜவான்களின் பொதுச் சமையற்கூடம். இப்போது மதியத்தில் ஒரே பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறக்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார், எனக்கு வரவில்லை. சாப் என்றே கூப்பிடுகிறேன். ஆனால் வீட்டுக் கஷ்டம் எதையும் அவரிடம் மறைப்பதில்லை. ரேங்க் மரியாதை நட்புக்குக் குறுக்கே வரும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் அப்படி இல்லை. அந்த மரியாதை இருப்பதால்தான் மனம்விட்டுப் பேச முடிகிறது.

ஒரு நவம்பரில், லைஃப் சர்டிஃபிகேட் போடுகிற சமயம், அவர் பைலை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு தாளும் பிளாஸ்டிக் உறைக்குள், தேதி வரிசையில். பிபிஓ எனும் பென்ஷன் உத்தரவில் அண்ணியின், அதாவது சாப்பின் மனைவியின், பெயர் லட்சுமி என்று இருந்தது, ஆதாரில் விஜயலட்சுமி. கல்யாணமான புதிதில் யூனிட் கிளார்க் எழுதியது அப்படியே தங்கிவிட்டது. அவர் இருக்கும்வரை இதனால் தொந்தரவு இல்லை. அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான் அண்ணி அலைய வேண்டியிருக்கும். அப்படி அலைந்த பெண்களை வங்கி வாசலில் நின்று பார்த்தவன் நான்.

"இதை இப்பவே சரி பண்ணணும் சாப்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எனக்குப் பிறகு என்கிற பேச்சை அவகிட்ட எப்படி எடுப்பேன்?" என்றார். அன்று மாலை நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணியிடம் என் மனைவிதான் பேசினாள். ஆதார் நகல் எடுப்பது போலச் சாதாரணமாகச் சொல்லி முடித்துவிட்டாள். நோட்டரியிடம் அஃபிடவிட், முன்னாள் படைவீரர் நல அலுவலகம், அங்கிருந்து ஜபல்பூரிலுள்ள சிக்னல்ஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று காகிதம் போய்வர மாதங்கள் ஆயின. அந்த அலைச்சலில்தான் நாங்கள் இரண்டு குடும்பங்களும் ஒன்றானோம். ஓய்வு பெற்று வருகிறவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான்: வெறுமனே உட்கார்ந்து பழைய கதை பேசுவதைவிட ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள்.

இப்போது பக்கத்துத் தெருவுக்கு நாயக் ரேங்கில் இருந்த ஒருவன் ஓய்வு பெற்று வந்திருக்கிறான். வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று அவன் அம்மா வங்கிக்கு வந்தபோது சொன்னார்கள். சாப் அவனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பிபிஓவையும் கையோடு எடுத்து வா என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன்.