தலைக்கு வந்தது ஹெல்மெட்டோட போச்சு

போன வாரம் லாயத்துல ஒரு சின்ன வாக்குவாதம். சின்னதுன்னு சொன்னாலும் எனக்கு ராத்திரி தூக்கமே வரல, அதனாலதான் உக்காந்து இத எழுதுறேன். ஒரு அக்கா, நல்லா சவாரி தெரிஞ்சவங்க, இருபது வயசு தாண்டின ஒரு சாது குதிரை மேல தலையில ஒண்ணும் இல்லாம ஏறி உக்காந்துட்டாங்க. ஹெல்மெட் போட்டுக்கோங்கக்கான்னு சொன்னேன். "சும்மா நடக்க விட்டு ரெண்டு ரவுண்டு கூட்டிட்டு வரேன்மா, இந்தக் கெழவி எங்க ஓடப்போறா"ன்னு சிரிச்சுட்டு போய்ட்டாங்க. ஒண்ணும் ஆகல, பத்திரமா இறங்கிட்டாங்க. ஆனா அந்த "சும்மா நடக்க விட்டு" மட்டும் மனசுல குத்திக்கிட்டே இருக்கு, ஏன்னா நான் விழுந்ததும் சும்மா நடந்துக்கிட்டு இருக்கும்போதுதான்.

நாலு வருஷம் முன்னாடி. ஒரு மணி நேரம் நல்லா ட்ராட், கேன்டர்னு குதிரைய ஓட விட்டு எல்லாம் பண்ணி முடிச்சு, குதிரைக்கு வேர்வை ஆறட்டும்னு கடிவாள வாரை நீளமா விட்டு, கால் வெச்சுக்கற வளையமான ஸ்டிரப்லேருந்து காலைக் கூட வெளிய எடுத்துட்டு, பக்கத்துல வந்தவளோட பேசிக்கிட்டே நடத்திக்கிட்டு இருந்தேன். வேலி ஓரமா போட்டிருந்த ஒரு தார்ப்பாய் காத்துல படபடன்னு அடிச்சுது. அவ்வளவுதான். குதிரை மிரண்டு பக்கவாட்டுல ஒரே ஒரு எட்டு தாவிச்சு, பக்கத்துல நின்ன ஆளு கூட "இதுக்கா விழுந்த?"ன்னு கேக்கற மாதிரியான ஒரு தாவல். குதிரை இந்தப் பக்கம் போச்சு, நான் இருந்த எடத்துலயே இருந்தேன், அடியில குதிரை இல்ல. பின்மண்டை நேரா தரையில.

விழுந்தது எனக்கு ஞாபகம் இல்ல. தார்ப்பாய் சத்தம் ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் நான் ஒரு ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், கையில தண்ணி பாட்டில் இருக்கு. நடுவுல கிட்டத்தட்ட பத்து நிமிஷம் போயிருக்கு. அந்த பத்து நிமிஷமும் நான் முழிச்சுக்கிட்டு, பேசிக்கிட்டுதான் இருந்திருக்கேன், "குதிரைக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு ஒரே கேள்விய திரும்பத் திரும்ப கேட்டேனாம், பதில் சொன்னதும் சரின்னு தலையாட்டிட்டு அரை நிமிஷத்துல மறுபடியும் அதே கேள்வி. கூட இருந்தவ இத சொல்லும்போது இன்னிக்கும் அவ குரல் மாறும். ஸ்கேன்ல ரத்தக்கசிவு எதுவும் இல்ல, மூளை அதிர்ச்சின்னு சொல்லி, மூணு வாரம் சவாரி கூடாதுன்னு அனுப்புனாங்க.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்ட எடுத்துப் பாத்தேன். வெளிய பாத்தா ஒண்ணுமே இல்ல, பின்னாடி கொஞ்சம் மண்ணு, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு சிராய்ப்பு. உள்ள இருக்கற துணிய பிச்சு எடுத்தப்பதான் தெரிஞ்சுது, அந்த கறுப்பு தெர்மாகோல்ல கீழ் விளிம்புலேருந்து உச்சி வரைக்கும் ஒரு விரிசல், நடுவுல ஒரு எடம் அமுங்கி பளபளன்னு ஆகியிருந்துச்சு, விரல வெச்சா பள்ளம் தட்டுப்படுது. அந்த பள்ளத்துல விரல வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு பெரியவங்க சொல்றத அன்னிக்குத்தான் கையால தொட்டுப் பாத்தேன்.

நடக்கற குதிரைதானே, மெதுவாத்தானே போகுதுன்னு தோணும். கணக்க வேற மாதிரி போட்டுப் பாருங்க. சராசரி குதிரை மேல உக்காந்தா நம்ம தலை தரையிலேருந்து கிட்டத்தட்ட ரெண்டரை மீட்டர் ஒசரத்துல இருக்கும். அந்த ஒசரத்துலேருந்து ஒரு பொருள விட்டா தரைய தொடும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துல இருக்கும், குதிரை அசையாம நின்னாலும் இதே கணக்குதான். அதாவது தலைய முன்னாடி நீட்டிக்கிட்டு 25 கிலோமீட்டர் வேகத்துல ஒரு சுவர்ல போய் மோதுறது மாதிரி. குதிரை ஓடுச்சுன்னா அந்த வேகமும் இதோட சேரும். வெறும் மண்டைன்னா அந்த வேகம் சில மில்லிமீட்டர்குள்ள நின்னாகணும். ஹெல்மெட் உள்ள ரெண்டு சென்டிமீட்டர் போல தெர்மாகோல் இருக்கு, அது நசுங்கி நசுங்கி அந்த நிறுத்தத்த கொஞ்சம் இழுத்துக் குடுக்குது, ஹெல்மெட் செய்யற வேலை மொத்தமும் அதான். நசுங்கினது திரும்ப எழும்பாது, அதனாலதான் ஒரு தடவ அடி வாங்கினா அதோட அந்த ஹெல்மெட்டோட ஆயுசு முடிஞ்சுது, வெளிய புதுசு மாதிரி பளபளன்னு இருந்தாலும் சரி.

"நான் இத்தன வருஷமா ஏறுறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்ல." இதத்தான் நான் அதிகமா கேட்டிருக்கேன். எனக்கு சவாரி சொல்லிக்குடுத்த மாஸ்டரே இப்படித்தான், எங்க தலையில ஹெல்மெட் இல்லாம ஏற விடமாட்டார், அவர் மட்டும் தொப்பியோட ஏறுவார். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு, எனக்கு தெரிஞ்ச எல்லாமும் அவர் குடுத்தது. ஆனா இந்த விஷயத்துல அவர் சொல்றத ஏத்துக்க முடியல. அனுபவம் இருந்தா குதிரை மிரளப் போறத முன்கூட்டியே உணரலாம், உக்காந்த எடத்துல உறுதியா இருக்கலாம், விழுந்தாலும் உருண்டு விழத் தெரியும், எல்லாம் சரி. குதிரை கால் தடுக்கினா? யானைக்கும் அடி சறுக்கும்னு நாலு கால் மிருகத்த வெச்சுத்தானே பழமொழியே சொல்லி வெச்சிருக்காங்க. அது தடுக்கும்போது மேல இருக்கறவங்களுக்கு எத்தன வருஷ அனுபவம்னு அதுக்குத் தெரியாது.

கோர்ட்னி கிங்-டை கதை இதுதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்காவுக்காக ட்ரெஸ்ஸாஜ் ஆடினவங்க. 2010 மார்ச் மாசம் வழக்கமான பயிற்சியில இருக்கும்போது குதிரை கால் தடுக்கி விழுந்துச்சு, தலையில ஹெல்மெட் இல்ல. மண்டை ஓடு உடைஞ்சு கிட்டத்தட்ட ஒரு மாசம் கோமாவுல இருந்தாங்க. நடக்கறதையும் பேசறதையும் மறுபடி மொதல்லேருந்து கத்துக்க வேண்டியிருந்துச்சு, அப்ப அவங்களுக்கு 32 வயசு. அந்த விபத்துக்கு அப்புறம்தான் ஹெல்மெட் போடச் சொல்லி ரைடர்ஸ்ஃபார்ஹெல்மெட்ஸ்னு ஒரு பிரச்சாரமே ஆரம்பிச்சுது, அவங்களும் அதுக்காக நிறைய பேசினாங்க. குறும்பு பண்ற குதிரையோ, பெரிய தடையோ, போட்டி பதட்டமோ எதுவும் இல்ல, அன்றாட பயிற்சி, அவ்வளவுதான்.

ட்ரெஸ்ஸாஜ் தெரியாதவங்களுக்கு, அது மைதானத்துக்குள்ள குதிரைய நடனம் மாதிரி அளவெடுத்து நடத்துற ஆட்டம், பாக்கவே அவ்வளவு நிதானமா இருக்கும். அந்த நிதானம்தான் பிரச்சனைன்னு எனக்கு தோணுது. சரித்திரத்த பாத்தா, எது ஆபத்தா தெரியுதோ அங்க ஹெல்மெட் எப்பவோ வந்துடுச்சு, எது அமைதியா தெரியுதோ அங்கதான் வரவே மாட்டேன்னு நின்னுச்சு. 1923ல பிரிட்டனோட கிராண்ட் நேஷனல்ங்கற தடை தாண்டுற ரேஸ சார்ஜன்ட் மர்ஃபிங்கற குதிரையில ஜெயிச்சவர் கேப்டன் டப்பி பென்னட். அதே வருஷ கடைசில இன்னொரு ரேஸ்ல விழுந்தார், தலையில குதிரைக் குளம்பு பட்டுது, சில நாள்ல இறந்துட்டார். அதுக்கப்புறம் பிரிட்டன்ல தடை தாண்டுற ரேஸ்ல ஜாக்கிகளுக்கு ஹெல்மெட் கட்டாயம் ஆச்சு. ட்ரெஸ்ஸாஜ்ல? உசரமான கறுப்புத் தொப்பி போட்டுக்கற வழக்கத்த சர்வதேச குதிரையேற்ற சம்மேளனம் முழுசா நிறுத்தினது 2021 ஜனவரியில. கிட்டத்தட்ட நூறு வருஷ வித்தியாசம்! 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல பிரிட்டன் வீராங்கனை சார்லட் டுஜார்டின் வலேக்ரோங்கற குதிரை மேல ஹெல்மெட்டோட வந்து தங்கம் வாங்கினப்ப பல பேரு இன்னும் அந்த தொப்பியிலதான் இருந்தாங்க. டுஜார்டினுக்கு அதுக்கு முன்னாடி ஒரு தடவ விழுந்து மண்டை ஓட்டுல விரிசல் விட்டிருக்கு, அதனால அவங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கல.

அமெரிக்காவுல 2003லேருந்து 2012 வரைக்குமான விபத்து சிகிச்சை பதிவுகள வெச்சு பண்ணின ஒரு ஆய்வுல, விளையாட்டால மூளையில அடிபட்ட பெரியவங்கள்ல 45 சதவீதம் பேரு குதிரை சம்பந்தப்பட்டவங்க. குத்துச்சண்டை, ஃபுட்பால் மாதிரி மோதி விளையாடற விளையாட்டுதான் மொதல்ல இருக்கும்னு நானும் நெனச்சேன்.

ஹெல்மெட் போட்டா எல்லாமே தப்பிச்சுடும்னு நான் சொல்லல, அப்படி சொன்னா பொய். சூப்பர்மேனா நடிச்ச கிறிஸ்டஃபர் ரீவ் 1995 மே மாசம் ஒரு போட்டியில குதிரை தடைக்கு முன்னாடி திடீர்னு நின்னதால தலைகீழா விழுந்தார், அவர் ஹெல்மெட் போட்டிருந்தார், ஆனா கழுத்தெலும்பு உடைஞ்சு கழுத்துக்கு கீழ செயலிழந்து போச்சு. "பாத்தியா, ஹெல்மெட் போட்டும் என்ன ஆச்சு"ன்னு இத எடுத்து சொல்றவங்க இருக்காங்க. கழுத்த காப்பாத்தறதுக்காக செஞ்ச பொருளே இல்ல அது. அவரோட புத்தியும் பேச்சும் நினைவும் அப்படியே இருந்துச்சு, அதுக்கப்புறம் படம் இயக்கினார், நடிச்சார், தண்டுவட ஆராய்ச்சிக்காக 2004ல இறக்கற வரைக்கும் போராடினார். எனக்கே ஹெல்மெட் போட்டும் பத்து நிமிஷ ஞாபகம் போச்சே. போடாம இருந்திருந்தா என்ன போயிருக்கும்ங்கறத என்னால யோசிக்க முடியல.

வேர்க்குது, முடி கெட்டுப்போகுது, இதெல்லாம் உண்மைதான், இல்லைன்னு சொல்லல. நல்லா காத்து போற மாதிரி ஓட்டை வெச்ச மாடல் இருக்கு, அத வாங்குங்க. முடி விஷயத்துல ஒண்ணு மட்டும் அழுத்தி சொல்லணும், கொண்டைய உச்சில போட்டு அதுக்கு மேல ஹெல்மெட்ட ஏத்தி வெச்சா அது தலையில உக்காராது, கொண்டை மேலதான் உக்காரும். பின்னங்கழுத்துக்கு கீழ இறக்கி பின்னல் போட்டுக்கோங்க, எப்பவும் ஒரே மாதிரி. விளிம்பு புருவத்துக்கு மேல ஒரு விரல், ரெண்டு விரல் அகலத்துல இருக்கணும். வார் போடறதுக்கு முன்னாடியே தலைய குனிஞ்சு ஆட்டிப் பாருங்க, அப்பவே அது நழுவக் கூடாது, புருவத் தோல் அதோட சேந்து நகரணும். வார் தாடைக்கு அடியில ஒட்டி இருக்கணும், தொங்கக் கூடாது. வார் மாட்டாத ஹெல்மெட் நீங்க தரைக்கு வர்றதுக்கு முன்னாடி அது வந்து கிடக்கும்.

சைக்கிள் ஹெல்மெட்ட போட்டுக்கிட்டு வர்றவங்கள பாக்கறேன், வேணாம். குதிரை ஹெல்மெட் பின்மண்டைக்கு இன்னும் கீழ இறங்கி மூடும், கூரான முனை மேல போட்டும் சோதிச்சிருப்பாங்க, ஏன்னா தலையில படறது லாடமாவோ வேலி முனையாவோ இருக்கலாம். உள்ள ஏஎஸ்டிஎம் எஃப்1163 மாதிரி ஏதாவது ஒரு தரச் சான்று ஒட்டியிருக்கான்னு பாத்து வாங்குங்க. வெயில்ல நிக்கற காருக்குள்ள போட்டு வைக்காதீங்க, தெர்மாகோலுக்கு சூடு ஆகாது. அடி படாட்டியும் அஞ்சு வருஷம் போல ஆனா மாத்திடுங்க. இன்னொருத்தர் குடுக்கற பழைய ஹெல்மெட் தயவுசெஞ்சு வேணாம், அது என்ன அடி வாங்கியிருக்குன்னு குடுக்கறவருக்கே தெரியாம இருக்கலாம்.

ஏறும்போது மட்டும் இல்ல, சேணம் கட்டும்போது, குளம்பு சுத்தம் பண்ணும்போது கூட நான் போட்டுக்கறேன், குனிஞ்சு வேலை பார்க்கற தலை குதிரைக் கால் ஒசரத்துலதான இருக்கு.

சட்டம் போட்டு கட்டாயப்படுத்தணுமான்னு கேட்டா, குழந்தைங்க விஷயத்துல சந்தேகமே இல்லாம ஆமா. பிரிட்டன்ல 1990லயே 14 வயசுக்கு கீழ உள்ளவங்க ரோட்டுல குதிரை ஓட்டினா தலைக்கவசம் கட்டாயம்னு சட்டம் போட்டாங்க. பெரியவங்க அவங்க எடத்துல அவங்க குதிரை மேல ஏறும்போது போலீஸ் வந்து நிக்கணும்னு நான் கேக்கல. ஆனா சவாரி சொல்லிக்குடுக்கற எந்த எடத்துலயும் மாஸ்டர் உட்பட ஒருத்தர் கூட வெறும் தலையோட ஏறக் கூடாது. பிள்ளைங்க நாம சொல்றத கேக்கறதில்ல, செய்யறதத்தான் பாக்குதுங்க. எங்க மாஸ்டர் தொப்பியோட ஏறுறத பாத்த எங்க பேட்ச்ல ஒவ்வொருத்தருக்கும் உள்ளுக்குள்ள ஒரே ஆசைதான் இருந்துச்சு, நல்லா கத்துக்கிட்டா நாமளும் ஒரு நாள் ஹெல்மெட் இல்லாம ஏறலாம்னு. ஹெல்மெட் கத்துக்குட்டிகளோட அடையாளம்னு நெனச்சோம். அத யாரும் வாயால சொல்லிக்குடுக்கல.

அந்த அக்காகிட்ட நாளைக்கு மறுபடி பேசப்போறேன். என் பழைய ஹெல்மெட்ட இன்னும் தூக்கிப் போடல, உள்துணிய பிச்சுட்டு அந்த விரிசல் தெரியற மாதிரியே வெச்சிருக்கேன், அத கையில குடுத்து அந்தப் பள்ளத்துல அவங்கள விரல் வெச்சுப் பாக்க சொல்லணும். வாரை மட்டும் ரெண்டு பக்கமும் கத்தரியால அறுத்துட்டேன், வெளிய பாத்தா இன்னும் புதுசு மாதிரிதான் இருக்கு, யாராவது தெரியாம எடுத்து மாட்டிக்கிட்டு ஏறிடுவாங்கன்னு பயம்.