நிஃப்டியும் புள்ளியியலும்: ஜூன் குறிப்புகள்

ஜூன் 7, சனி

இந்தியாவின் 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 50-இன் தினசரி முடிவு விலைகளைப் பதிவிறக்கி வைத்தாயிற்று. விலையை அப்படியே வைத்துக் கணக்குப் போட முடியாது, அதன் சராசரி காலத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் இன்றைய விலையை நேற்றைய விலையால் வகுத்து லாகரிதம் எடுக்கிறார்கள். இந்த லாக் ரிட்டர்னில் ஒரு வசதி உண்டு. வாரத்தின் மொத்த மாற்றம் வேண்டுமென்றால் தினசரி எண்களைக் கூட்டினால் போதும். சிறிய அசைவுகளில் இது சாதாரண சதவீதத்தை ஒட்டியே இருக்கும், பெரிய சரிவில்தான் விலகும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 8,745-இலிருந்து 7,610-க்கு விழுந்தது. சதவீதத்தில் 13, லாக் கணக்கில் கிட்டத்தட்ட 14.

ஜூன் 10, செவ்வாய்

எந்த அளவு ரிட்டர்ன் எத்தனை நாள் வந்தது என்று காட்டும் பட்டை வரைபடம் (ஹிஸ்டோகிராம்) வரைந்தேன். இயல்நிலைப் பரவலின் மணி வடிவ வளைவோடு ஒப்பிட்டால் நடுப்பகுதி கூர்மை, இரு பக்க வால்களும் தடிமன், அதாவது மிகப் பெரிய அசைவுகள் அந்த வளைவு சொல்வதைவிட அதிகம். 1963-லேயே கணித அறிஞர் மாண்டல்பிராட் பருத்தி விலைகளில் இதைக் காட்டிவிட்டார். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குக் குறியீடான டோ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. இயல்நிலைப் பரவலை நம்பினால், பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் அப்படி ஒரு நாள் வரக் கூடாது. இந்த எச்சரிக்கையை முதல் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. ரிஸ்க்கைக் குறைத்து மதிப்பிடுவது இங்கேதான் தொடங்குகிறது.

ஜூன் 14, சனி

இதுவரை படித்ததில் என்னை அதிகம் ஈர்த்தது இதுதான். ரிட்டர்ன்களின் தன்னொட்டுறவை, அதாவது ஒரு நாளின் எண்ணுக்கும் முந்தைய நாட்களின் எண்களுக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தால் ஏறக்குறைய பூஜ்யம். நேற்று ஏறியதை வைத்து இன்று ஏறுமா என்று சொல்ல வழியில்லை. அதே எண்களை வர்க்கப்படுத்திப் பார்த்தால் தொடர்பு பளிச்சென்று தெரிகிறது, பல வாரங்கள் வரை மெல்ல மெல்லத்தான் தேய்கிறது. பெரிய அசைவைத் தொடர்ந்து பெரிய அசைவு வருகிறது, திசை எதுவானாலும் சரி. அந்த மார்ச் சரிவுக்கு அப்புறம் ஏப்ரல் 7 அன்று நிஃப்டி ஒரே நாளில் 8.8 சதவீதம் ஏறியது!

ஜூன் 15, ஞாயிறு

பெரிய அசைவுகள் கூட்டமாக வரும் இந்தப் போக்குக்குக் கணித வடிவம் தந்தவர் பொருளியல் அறிஞர் ராபர்ட் எங்கிள். 1982-இல் அவர் தந்த கணித மாதிரி ஆர்ச் (ARCH), 1986-இல் போலர்ஸ்லெவ் அதை விரித்துத் தந்தது கார்ச் (GARCH). எங்கிளுக்கு 2003-இல் நோபல் பரிசு. இன்றைய மாறுபாட்டை (அசைவு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதன் அளவை) ஒரு மாறிலி, நேற்றைய அதிர்ச்சியின் (எதிர்பாராத அசைவின்) வர்க்கம், நேற்றைய மாறுபாடு இந்த மூன்றிலிருந்தும் கணிக்கிறது கார்ச். பைத்தானில் சில வரிகளில் ஓடிவிடுகிறது. மாதிரி சரியாகக் கணிக்கிறதா என்று சோதிக்கக் கடைசி ஆண்டுகளின் விலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். நாட்களைக் கலைத்துப் பிரித்தால் எதிர்காலம் மாதிரியின் பயிற்சிக்குள் கசிந்துவிடும். அடுத்து, மாதிரி விளக்காமல் விட்ட எச்சங்களுக்கு, வால் தடித்த டி-பரவலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.